குறி தவறிய நாயகன்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் 1,360 கோல் அடித்தவர் டோனி லாக்கெட். சிட்னி நகரம் அவரைக் கொண்டாடுவதோ கோலுக்குள் போகாத ஒரு பந்துக்காக.

சைரன் ஊதியாகிவிட்டது. ஸ்கோர் போர்டில் சிட்னி ஸ்வான்ஸ் 69, எசண்டன் 69. தேதி 1996 செப்டம்பர் 21. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஆட்டம் முடிந்துவிட்டது, ஒருவரைத் தவிர. கோல் கம்பங்களிலிருந்து சுமார் 50 மீட்டருக்கு அப்பால் பந்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார் டோனி லாக்கெட். சைரனுக்கு முன்பே பந்தைப் பிடித்துவிட்டதால் விதிப்படி அவருக்கு ஒரு உதை பாக்கியிருந்தது. ஏற்கனவே தொடை இடுக்கில் காயம். அந்தக் காயத்தோடு செய்யக் கூடாத காரியம் ஏதாவது உண்டென்றால் அது நீண்ட தூரத்துக்குப் பந்தை உதைப்பதுதான்.

உதைத்தார். பந்து நடுவிலிருந்த இரு உயரமான கம்பங்களுக்கிடையே போகவில்லை. சற்று விலகி, பக்கத்து இடைவெளி வழியாகப் போனது. ஆறு பாயிண்ட் கிடைக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பாயிண்ட். சாதாரண நாட்களில் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய உதை. ஆனால் சமநிலையில் நின்ற ஆட்டத்தில் ஒரு பாயிண்டே தாராளம். 70க்கு 69. அந்த ஒன்றில் சிட்னி அணி 51 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தது.

இந்திய கிரிக்கெட் ரசிகர்களுக்கு சிட்னி, மெல்போர்ன் மைதானங்கள் பக்கத்துத் தெரு மாதிரி. ரவி சாஸ்திரி 206 ரன் எடுத்ததும், டெண்டுல்கர் 241 எடுத்ததும் இதே சிட்னி புல்தரையில்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் குளிர் தொடங்கியதும் அதே மைதானங்களில் ஸ்டம்புக்கு பதில் எட்டுக் கம்பங்கள் முளைக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிரிக்கெட் வீரர்களுக்குக் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமலிருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று 1858ல் மெல்போர்னில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே விதிகள் எழுதப்பட்டன. இன்று மெல்போர்ன்காரர்களுக்கு அது விளையாட்டு அல்ல, மதம்.

கால்பந்து என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பந்து முட்டை வடிவம். அணிக்கு 18 பேர். கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவருக்கு அனுப்பலாம், எறியத்தான் கூடாது. ஆஃப்சைடு கிடையாது. கோல் கீப்பரும் கிடையாது. மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள்: நடுவில் இரண்டு உயரம், ஓரங்களில் இரண்டு குட்டை. உயரக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கோல், ஆறு பாயிண்ட். உயரத்துக்கும் குட்டைக்கும் நடுவே போனால் பிஹைண்ட், ஒரு பாயிண்ட். கோல் என்றால் கோல் அம்பயர் இரண்டு கொடிகளை ஆட்டுவார். பிஹைண்ட் என்றால் ஒன்று. எதிரே ஒருவர் உதைத்த பந்தை (அது குறைந்தது 15 மீட்டர் வந்திருக்கவேண்டும்) தரையில் படாமல் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவர் நிதானமாகப் பின்வாங்கி, குறிபார்த்து உதைக்கலாம்.

கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே நின்று, வருகிற பந்தையெல்லாம் பிடித்து உள்ளே தள்ளுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஃபுல் ஃபார்வர்டு என்று பெயர். லாக்கெட் அந்தத் தொழிலின் உச்சம்.

மெல்போர்னிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் மேற்கே இருக்கும் பாலரட் ஒரு காலத்தில் தங்கச் சுரங்கங்களால் பெயர்பெற்ற ஊர். அங்கே 1966 மார்ச்சில் பிறந்தவர் லாக்கெட். அப்பா உள்ளூர்க் கால்பந்தில் பிரபலம். ‘பிளக்கர்’ என்ற பட்டப்பெயர்கூட அப்பாவிடமிருந்து வந்த சொத்துதான். 17 வயதில், 1983ல், மெல்போர்னின் செயின்ட் கில்டா அணி அவரைக் களமிறக்கியது.

செயின்ட் கில்டா ராசியில்லாத அணி. அதன் நெடிய வரலாற்றில் சாம்பியன் பட்டம் ஒரே ஒரு முறை, லாக்கெட் கைக்குழந்தையாக இருந்த 1966ல். அதுவும் ஒரே பாயிண்ட் வித்தியாசத்தில், அதுவும் ஒரு பிஹைண்டால். இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பேரி பிரீன் உதைத்த பந்து தள்ளாடித் தள்ளாடி உருண்டு பக்கத்து இடைவெளியில் போக, காலிங்வுட் அணி தோற்றது. அந்த ஒரு பாயிண்டை வைத்துக்கொண்டுதான் செயின்ட் கில்டா ரசிகர்கள் இன்றுவரை காலம் தள்ளுகிறார்கள்.

லாக்கெட் சேர்ந்த 1983லிருந்து 1986வரை நான்கு ஆண்டுகளும் அந்த அணிக்குக் கடைசி இடம். இது ஒரு ஃபுல் ஃபார்வர்டுக்கு எத்தகைய தண்டனை என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். கோல் அடிப்பவர் தானே பந்தைச் சம்பாதித்துக்கொள்ள முடியாது. நடுக்களத்தில் இருப்பவர்கள் வென்று அனுப்பினால்தான் அவருக்குச் சாப்பாடு. தோற்கிற அணியில் அவர் பந்தி விரித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

1987ல் லாக்கெட்டுக்கு 21 வயது. அந்த ஆண்டு அவர் அடித்தது 117 கோல். சீசனில் மிக அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் கிடைத்தது. அது ஆச்சரியமல்ல. ஆச்சரியம் பிரவுன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அம்பயர்கள் அன்றைய சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். சீசன் முடிவில் எண்ணிப் பார்த்து அதிக ஓட்டு வாங்கியவருக்குக் கொடுக்கும் பதக்கம் இது. அம்பயர்களின் கண் எப்போதும் பந்தைத் துரத்தி ஓடும் நடுக்கள வீரர்கள் மீதுதான். கோல் வாயில் நிற்பவருக்கு அவர்கள் ஓட்டுப் போடுவது அபூர்வம். அந்த ஆண்டு ஹாதோர்னின் ஜான் பிளாட்டனும் லாக்கெட்டும் சம ஓட்டு வாங்கிப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே ஆண்டில் கோல்மன், பிரவுன்லோ இரண்டையும் வென்றவர் லாக்கெட் ஒருவர்தான்.

அதே காலகட்டத்தில் செயின்ட் கில்டாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு பருமனான பையன் கால்பந்து வீரனாகும் கனவோடு ஆடிக்கொண்டிருந்தான். தேறமாட்டான் என்று 1988 முடிவில் கழகம் அனுப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் கிரிக்கெட் பக்கம் போன அந்தப் பையன் ஷேன் வார்ன். 1992 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக அவர் தனது முதல் டெஸ்டை ஆடினார். செயின்ட் கில்டாவின் கணக்கு தப்பியது என்றும் சொல்லலாம், கிரிக்கெட்டுக்கு அது செய்த உபகாரம் என்றும் சொல்லலாம்.

லாக்கெட்டின் உயரம் 191 செ.மீ. எடை நூறு கிலோவுக்கு மேல். பார்த்தால் மல்யுத்த வீரர் என்று தோன்றும். ஆனால் முதல் பத்து மீட்டரில் அவரைத் தொடர்ந்து ஓட எந்தத் தடுப்பாளராலும் முடியாது. பந்து வைத்திருக்கும் தன் அணிக்காரரை நோக்கிச் சட்டென்று பாய்வார். மார்புக்கு நேராக வரும் பந்தை அந்தப் பெரிய கைகள் விழுங்கிவிடும். பிறகு அவசரமே கிடையாது. பந்தைச் செங்குத்தாகப் பிடித்துக் காலில் விட்டு உதைக்கும் டிராப் பண்ட் முறையில் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி நேராகப் போகும். அதை அவர் உதைக்கும்போது அலட்டல் இல்லை, ஆட்டம் இல்லை. அத்தனைக்கும் அவருக்கு ஆஸ்துமா வேறு.

கோபமும் அதே அளவில் இருந்தது. அவர் மேல் மோதியவர்கள் பலர் ஸ்ட்ரெச்சரில் போனார்கள். அவர் அடிக்கடி ஒழுங்கு விசாரணைக் குழுவின் முன் போனார். பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஆகாது. 1988ல் கணுக்கால் முறிந்திருந்தபோது தன்னைப் படம் பிடிக்க வந்த தொலைக்காட்சிக்காரர்கள் பக்கம் ஊன்றுகோலையே விட்டெறிந்தார். புகழ்பெற்ற பிறகும் பேட்டிக்கு அவரைப் பிடிப்பது கல்லில் நார் உரிக்கும் வேலைதான். அவர் மனம்விட்டுப் பழகியது தான் வளர்த்த கிரேஹவுண்ட் பந்தய நாய்களோடு.

காயமும் தடையும் தின்றது போக மிஞ்சிய ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். 1989ல் ஆடியது 11 ஆட்டம், கோல்கள் 78. 1991ல் முதுகுக் காயத்தால் முதல் ஆறு வாரங்கள் ஆடவில்லை. ஏழாவது வாரம் திரும்பி வந்து புதிய அணியான அடிலெய்டுக்கு எதிராக 12 கோல். அந்த சீசனில் 17 ஆட்டங்களில் 127. அவருடைய கோல்களின் தோளேறி செயின்ட் கில்டா பல ஆண்டுகளுக்குப் பிறகு நாக் அவுட் சுற்றுக்குப் போனது. ஜீலாங்குக்கு எதிரான அந்த ஆட்டத்தில் லாக்கெட் தனியாக 9 கோல் அடித்தார். அணி 7 பாயிண்டில் தோற்றது. 1992ல் 132 கோல். அவருடைய வாழ்நாளின் சிறந்த சீசன். ஆனால் அந்த ஆண்டு கோல்மன் பதக்கம் கிடைக்கவில்லை, ஹாதோர்னின் ஜேசன் டன்ஸ்டல் 145 அடித்திருந்தார்.

1994ல் அத்தியாயம் முடிந்தது. சிட்னியில் ஸ்வான்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். 51 பாயிண்ட் பின்தங்கியிருந்த செயின்ட் கில்டாவை லாக்கெட்டின் 11 கோல்கள் கரையேற்றின. வெற்றி, மறுபடியும் ஒரே பாயிண்டில். ஆனால் மறுநாள் ஆஸ்திரேலியா முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்தது கோல்களை அல்ல. பந்தைப் பார்த்தபடி ஓடிவந்த சிட்னி வீரர் பீட்டர் கேவனின் முகத்தில் லாக்கெட்டின் கை இடித்து மூக்கு நொறுங்கிய காட்சியைத்தான். எட்டு ஆட்டங்களுக்குத் தடை. இந்த ஆளின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். சீசன் முடிந்ததும் லாக்கெட் அணி மாறினார். போன இடம் சிட்னி ஸ்வான்ஸ்.

அந்த ஊர் அவரை முன்பு வரவேற்ற விதம் இன்னும் விசேஷம். 1993ல் செயின்ட் கில்டா சிட்னிக்கு வந்திருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் பன்றிக்குட்டி ஒன்றை மைதானத்தில் ஓடவிட்டான். அதன் உடம்பில் லாக்கெட்டின் 4 என்ற எண் எழுதப்பட்டிருந்தது. ஃபுல் ஃபார்வர்டு இடத்தில் பன்றி நிற்கிறது என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் சொன்னதை ஆஸ்திரேலியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிட்னி ரக்பி நகரம். ஸ்வான்ஸ் அங்கே வந்தேறி. மெல்போர்னின் சவுத் மெல்போர்ன் அணி பணமில்லாமல் தவித்தபோது 1982ல் சிட்னிக்குப் பெயர்க்கப்பட்டு உருவானது அது. கடைசியாகப் பட்டம் வென்றது 1933ல். 1992, 1993, 1994 மூன்றாண்டும் தொடர்ந்து கடைசி இடம். நடுவில் 26 ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வி. அணி பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. அப்படிப்பட்ட அணிக்குத்தான் லாக்கெட் போனார். கேவன் இருந்த அணியும் அதுதான்.

ரக்பி தவிர வேறெதுவும் தெரியாத ஊருக்கு லாக்கெட் எளிதில் புரிந்தார். விதிகள் விளங்காவிட்டால் என்ன? பெரிய ஆள் ஓடுகிறார், பிடிக்கிறார், உதைக்கிறார், கொடி இரண்டு ஆடுகிறது. இதற்கு உரை தேவையில்லை. 1995ல் 110 கோல். அதில் ஃபிட்ஸ்ராய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 16. காலியாகக் கிடந்த சிட்னி மைதானத்தின் இருக்கைகள் நிரம்பத் தொடங்கின. 1996ல் ரோட்னி ஈட் பயிற்சியாளராக வந்தார். லாக்கெட் 121 கோல் அடித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைசியில் கிடந்த ஸ்வான்ஸ் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அப்புறம்தான் எசண்டனுக்கு எதிரான அந்த உதை.

பிராட்மன் என்றால் 99.94 என்ற சராசரியும், அதை நூறாக விடாமல் செய்த கடைசி இன்னிங்ஸ் பூஜ்யமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாயகர்களின் தவறல்களையும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் பிராட்மனின் பூஜ்யம் சோகம். லாக்கெட்டின் பிஹைண்ட் திருவிழா.

திருவிழா ஒரு வாரம்தான் நீடித்தது. செப்டம்பர் 28 அன்று மெல்போர்ன் மைதானத்தில், 90,000க்கும் அதிகமானோர் முன்னிலையில், இறுதி ஆட்டம். சிட்னி நன்றாகத் தொடங்கியது. லாக்கெட் 6 கோல் அடித்தார். ஆனால் நார்த் மெல்போர்ன் 43 பாயிண்டில் வென்றது. லாக்கெட் ஆடிய ஒரே இறுதி ஆட்டம் அது. மறு ஆண்டு செயின்ட் கில்டா இறுதிக்கு வந்தது, அவர் இல்லாமல். அதுவும் தோற்றது.

1998ல், 32 வயதில், மறுபடியும் 109 கோல். சீசனில் நூறைத் தாண்டியது அது ஆறாவது முறை. கோல்மன் பதக்கம் நான்காவது. இப்போது எல்லோர் பார்வையும் ஒரு பழைய எண் மீது விழுந்தது. 1,299.

காலிங்வுட் அணியின் கோர்டன் கவென்ட்ரி 1920லிருந்து 1937வரை 306 ஆட்டங்களில் அடித்த கோல்கள் அவை. 62 ஆண்டுகளாக யாரும் நெருங்காத மலை. 1999 ஜூன் 6. சிட்னி மைதானம். எதிரணி எது என்று அட்டவணைக்காரர்கள் திட்டமிட்டுப் போட்டார்களோ என்னவோ, சாட்சாத் காலிங்வுட். முதல் கால் பகுதியிலேயே 1,300ஆவது கோல் போனது. அவ்வளவுதான். வேலியைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தார்கள். இப்படிப்பட்ட மைல்கல் கோல்களுக்குக் களத்தில் புகுவது அந்த விளையாட்டில் நெடுநாள் வழக்கம்; போலீஸாரும் பெரிதாகத் தடுப்பதில்லை. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் அந்த மனிதர் நடுவில் சிக்கிக்கொண்டார். தன் சாதனை முறிந்த நாளில் காலிங்வுட் வீரர்களும் நின்று பார்க்கவேண்டியதாயிற்று. பன்றிக்குட்டியை ஓடவிட்ட அதே மைதானம்.

அந்த ஆண்டின் முடிவில் ஓய்வு. அதோடு விட்டிருக்கலாம். 2002ல், 36 வயதில், மீண்டும் வந்தார். மூன்று ஆட்டங்கள், மூன்று கோல்கள். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது பார்த்தவர்களுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. மொத்தக் கணக்கு 281 ஆட்டங்களில் 1,360 கோல்: செயின்ட் கில்டாவுக்கு 898, சிட்னிக்கு 462.

ஆனால் அவரிடம் ஒரு சாம்பியன் பதக்கம்கூட இல்லை. டன்ஸ்டல் 1,254 கோலோடு நான்கு பட்டங்கள் வைத்திருக்கிறார். கவென்ட்ரியிடம் ஐந்து. இதை வைத்து லாக்கெட்டை ஒரு படி கீழே இறக்குபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. டன்ஸ்டலுக்குப் பின்னால் இருந்தது அந்தக் காலத்தின் தலைசிறந்த அணி. அவருக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. லாக்கெட் பல ஆண்டுகளைக் கடைசி இடத்து அணியில் கழித்தவர். அப்படியும் ஆட்டத்துக்கு 4.84 கோல் சராசரி. சராசரியில் பீட்டர் ஹட்சனும் ஜான் கோல்மனும் அவரைவிட மேல் என்பது உண்மை. ஆனால் ஹட்சன் ஆடியது 129 ஆட்டம், முழங்கால் காயத்தால் ஒதுங்கிய கோல்மன் ஆடியது வெறும் 98.

கேவன் விவகாரத்தை மட்டும் எந்தக் கணக்காலும் மறைக்க முடியாது. அது கறைதான். கேவனின் கதை நன்றாகவே முடிந்தது: அடிலெய்டுக்கு மாறி 1997ல் பட்டம் வென்றார். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி செயின்ட் கில்டா.

லாக்கெட்டுக்கு 2006ல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2015ல் அங்கே ‘லெஜண்ட்’ வரிசைக்கு உயர்த்தப்பட்டார். சிட்னி ஸ்வான்ஸ் 2005ல், 72 ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டம் வென்றது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர், 1996 இறுதி ஆட்டத்தில் லாக்கெட்டோடு ஆடித் தோற்ற பால் ரூஸ்.

அந்த 1,360ஐ இனி யாராவது தாண்டுவார்களா? லாக்கெட்டின் தொழிலே இப்போது இல்லை என்பதுதான் பதில். அவர் காலத்தில் கோல் முன்னால் ஒருவருக்கு ஒருவர் என்று நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் பந்து வரும் வழியில் பாதி அணியே பின்வாங்கிச் சுவர் எழுப்பிவிடுகிறது. கோல்களை ஒருவரே குவிப்பதற்கு பதில் பத்துப் பேர் பங்கிட்டு அடிக்கும்படி பயிற்சியாளர்கள் திட்டம் போடுகிறார்கள். கடைசியாக ஒரு சீசனில் நூறு கோல் அடித்தவர் லான்ஸ் ஃபிராங்க்ளின், 2008ல். பின்னாளில் அவரும் சிட்னிக்கு வந்தார். 2022 மார்ச்சில் அவரது ஆயிரமாவது கோலுக்கு அதே மைதானத்தில் கூட்டம் வேலி தாண்டியது. 2023ல் ஓய்வுபெற்றபோது ஃபிராங்க்ளினின் கணக்கில் இருந்தது 1,066. லாக்கெட்டைத் தொட இன்னும் 294 பாக்கி.